பதினாலாம் நம்பர் பஸ்ஸில் உறைந்த பால்

டெப்போவில் அவருக்கு ஜாடி டிரைவர் என்றுதான் பெயர். புதிதாக வந்த மேனேஜர் ஒருவர் பதிவேட்டைப் பார்த்து அவருடைய நிஜப் பெயரைச் சத்தமாகக் கூப்பிட, இவரே பக்கத்தில் நின்றவனிடம், "யாருப்பா அது, புது ஆளா?" என்று கேட்டாராம். இது அவருடைய கண்டக்டர் சொல்கிற கதை. கண்டக்டர் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

ஜாடி மட்டும் நிஜம். ஒரு லிட்டர் பிடிக்கிற, வாய் அகன்ற கண்ணாடி ஜாடி. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில், எஞ்சின் மூடியை ஒட்டி, ஒரு பழைய மரப்பெட்டியை ஆணியடித்து நிறுத்தியிருந்தார். கிழிந்துபோன ஸ்வெட்டரின் ஒரு கையை வெட்டி ஜாடிக்குச் சட்டை போட்டு, அந்தப் பெட்டிக்குள் உட்கார வைப்பார். வாயில் வெள்ளைத் துணி, துணிக்கு மேல் ரப்பர் பேண்ட். உள்ளே பால். பாலுக்குள் கெஃபிர் மணிகள்.

மணி என்றதும் உருண்டையாக நினைத்துக்கொள்ளக் கூடாது. காலிஃப்ளவரைப் பொடிப்பொடியாகக் கிள்ளிப் போட்டது மாதிரி இருக்கும். தொட்டால் ரப்பராட்டம் அமுங்கி நிமிரும். பாலில் போட்டு வைத்தால், பாலைப் புளிக்க வைத்து, தயிருக்கும் மோருக்கும் நடுவில் ஒரு பதத்தில், நாக்கில் சுருக்கென்று நுரைக்கிற மாதிரி கொண்டுவந்து நிறுத்தும். வடிகட்டிக் குடித்துவிட்டு அதே மணிகளில் மறுபடியும் பாலை ஊற்ற வேண்டியதுதான். பட்டினி போடாத வரைக்கும் சாகாது. பெருகிக்கொண்டே இருக்கும்.

அது அவரிடம் வந்து சேர்ந்தது வயிற்றெரிச்சலால். அப்போது அவருக்கு முப்பத்தாறு வயது. பஸ் ஓட்டுகிறவனுக்குச் சாப்பாட்டு நேரம் என்று ஒன்று கிடையாது. கடைசி ஸ்டாப்பில் வண்டியை நிறுத்தினால் ஸ்டியரிங் மேல் கவிழ்ந்து வயிற்றைப் பிடித்துக்கொள்வார். முதல் ட்ரிப்பில் தினமும் ஏறுகிற ஒரு அம்மா இதைக் கவனித்துக்கொண்டே வந்திருக்கிறார். ஆஸ்பத்திரி சமையல்கட்டில் வேலை.

"என்ன தம்பி, பிரேக்கைப் பிடிக்கிறீங்களோ இல்லையோ, வயித்தைப் பிடிக்கிறீங்க?"

"எரியுதும்மா. உள்ள யாரோ அடுப்பு பத்த வெச்ச மாதிரி இருக்கு."

"நேரத்துக்குச் சாப்பிடறதில்லையா?"

"அதை சிக்னல்கிட்டதான் கேக்கணும்."

மறுநாள் அந்த அம்மா ஒரு மாத்திரை டப்பாவைக் கொண்டுவந்து கையில் வைத்தார். உள்ளே ஒரு ஸ்பூன் மணி. செய்முறையும் சொன்னார். காய்ச்சி நன்றாக ஆறிய பாலில் போடு, சூட்டில் போட்டால் செத்துப்போகும். மூடியைத் திருகாதே, மூச்சு விட வேண்டும், துணி கட்டு. கெட்டியானதும் வடிகட்டு. வேலை முடிந்தால் கொஞ்சம் பாலோடு ஃப்ரிட்ஜில் வை, தூங்கும். கடைசியாக இன்னொன்றும் சொன்னார். அது மட்டும் இவர் மனதில் தங்கவில்லை. தங்க வேண்டிய தேவையும் இருபத்திரண்டு வருஷத்துக்கு வரவில்லை.

விடிந்தும் விடியாமல் டெப்போ கேன்டீனில் ஆறின பால் அரை லிட்டர் வாங்கி ஜாடியில் ஊற்றுவார். வண்டியை எடுப்பார். எஞ்சின் சூடு இதமாக ஏறும். மூன்றாவது ட்ரிப்பில் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி. நாலாவதில் பால் கொஞ்சம் கனத்திருக்கும். ஆறாவது ட்ரிப் முடிந்து, மரத்தடியில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தால், பதம் வந்திருக்கும். கண்டக்டர் பிளாஸ்டிக் வடிகட்டியையும் இரண்டு டம்ளரையும் எடுத்து எஞ்சின் மூடி மேல் வைப்பான். ஒரு சிட்டிகை உப்பு. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து குடிப்பார்கள். வெயிலுக்கு அது தொண்டையில் இறங்குகிற சுகம் இருக்கிறதே, அதற்காகவே இன்னொரு ட்ரிப் ஓட்டலாம் என்பார். குடித்து முடித்ததும் ஏப்பம் வரும். கண்டக்டர் விசில் ஊதுவான். வரிசையில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள்.

வயிற்றெரிச்சல் அடங்கியது. ஜாடியால் அடங்கியதா, ஜாடிக்காக அந்த நேரத்துக்கு ஒழுங்காக உட்கார்ந்ததால் அடங்கியதா, யாருக்குத் தெரியும்? அவர் ஜாடிக்குத்தான் பேர் கொடுத்தார். மணிகள் பெருகப் பெருகப் பயணிகளுக்குக் கொடுத்தார். பேங்க் கேஷியர் ஒருத்தர் வாங்கிப்போனார். டியூஷன் டீச்சர் வாங்கிப்போனாள். ஒரு பெரியவர், இது பல் செட்டு கழுவுகிற மருந்து என்று நினைத்துப் பல்லை ஊறப்போட்டுவிட்டு, "ஒண்ணும் பளபளப்பாகலையே" என்று சண்டைக்கு வந்தார்.

அவருக்கு இந்த ஜாடியில் வயிற்றைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. ரோட்டில் வேறு எந்த டிரைவரும் ஜாடியில் பாலை வைத்துக்கொண்டு ஒரு நாள் பூராவும் வண்டி ஓட்டிவிட முடியாது. அவர் ஓட்டினார். "நான் பிரேக் போட்டா ஜாடிக்கே தெரியாது" என்பார். டெப்போவில் இதைச் சொல்லாத நாள் இல்லை. புதுசாக வருகிற டிரைவர்களை ஜாடி முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, "பாரு. அசையாம இருந்தாத்தான் இது உறையும். அசையாம ஓட்டக் கத்துக்கோ" என்பார். கண்டக்டர் அந்தச் சமயத்தில் மட்டும் சில்லறைப் பையைக் குனிந்து பார்த்துக்கொள்வான்.

ரிட்டயர் ஆன அன்று கழுத்தில் போட்ட மாலையைக் கழற்றி வண்டிக்குப் போட்டுவிட்டு, ஜாடியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். அத்தனை வருஷத்தில் அந்த ஜாடி வீட்டு வாசற்படி ஏறியது அன்றைக்குத்தான். பகலில் பஸ்ஸில், ராத்திரியில் கேன்டீன் ஃப்ரிட்ஜில் என்று அதன் காலம் ஓடிவிட்டது. அவருடைய காலமும் ஏறக்குறைய அப்படித்தான்.

"ஓஹோ, இவங்கதானா அது?" என்று வீட்டுக்காரி ஜாடியை இரண்டு கையாலும் வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "இத்தனை வருஷமா பேர் மட்டும்தான் கேள்விப்பட்டேன். நல்லாத்தான் இருக்காங்க."

"ஆட்டாத, ஆட்டாத! இப்படிக் குடு."

வீடு இரண்டு அறை. முன்னறையில் ஜன்னலோரம் அவளுடைய தையல் மிஷின். காலால் மிதிக்கிற மிஷின். தலையணை உறை, திரைச்சீலை, பள்ளிக்கூடச் சட்டை, எது வந்தாலும் தைப்பாள். பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு பகல் பூராவும் அவளும் மிஷினும்தான். மத்தியானச் சாப்பாட்டைத் தட்டில் போட்டு மிஷின் பலகை மேலேயே வைத்துச் சாப்பிட்டுப் பழகிவிட்டாள். அவர் ரிட்டயர் ஆகிற மாதத்தில் கடைக்குப் போய் ஒரு மடக்கு மேஜையும் இரண்டு நாற்காலியும் வாங்கிப் போட்டாள். எதற்கு என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஜாடியை அவர் வீட்டிலேயே உயரமான அலமாரியின் மேல்தட்டில் ஏற்றினார். தட்டு ஆடுகிறதா என்று நாணயத்தை நிறுத்திவைத்துப் பார்த்தார். ஒரு பக்கம் காகிதம் மடித்துக் கொடுத்தார். அலமாரிக் கதவை அடித்துச் சாத்தக் கூடாது என்று உத்தரவு போட்டார். ஸ்வெட்டர் கைக்கு மேல் ஒரு துண்டையும் சுற்றினார்.

மறுநாள் இறக்கிப் பார்த்தால் பால் இரண்டாகப் பிரிந்திருந்தது. மேலே கட்டி, கீழே பச்சைத் தண்ணீர். மணிகள் எல்லாம் மேலேயே மிதந்து ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு வாய் குடித்தார். முகம் எட்டாய் மடிந்தது.

"புது இடம், அதான்" என்றார்.

பிறகு பால் சரியில்லை என்றார். பாலை மாற்றினார்கள். பாத்திரம் கழுவுகிற சோப்பு என்றார். வெந்நீரில் கழுவினாள். ஜன்னல் காற்று என்றார், ஜன்னலைச் சாத்தினார். மிஷின் எண்ணெய் வாடை என்றார். அதற்கு மட்டும் அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வெளியே போனால் கால் தானாகப் பதினாலாம் நம்பர் ஸ்டாப்புக்குப் போகும். அங்கே நின்று, வருகிற வண்டியின் சத்தத்தைக் கேட்டே, "கிளட்ச் தேயுது" என்பார். புது டிரைவர் கையைத் தூக்குவான். இவர் ஏற மாட்டார். ஏறினால் பயணிகள் சீட்டில் உட்கார வேண்டும். வீட்டுக்குத் திரும்பி, மடக்கு மேஜையில் உட்கார்ந்து, ஆறு நிமிஷத்தில் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். எதிர்த் தட்டில் அவள் அப்போதுதான் இரண்டாவது வாய் வைத்திருப்பாள்.

நாற்பது நாள் இப்படிப் போனது. புளித்த பாலைக் கொட்ட மனசு வராமல் அவள் மாவு பிசைய ஊற்றினாள், செடிக்கு ஊற்றினாள். செடிகூட வேண்டாம் என்பது மாதிரி தலையைத் தொங்கப் போட்டது.

அப்போதுதான் ஒரு மில் முதலாளியிடமிருந்து போன் வந்தது. நாலு மணி நேரத் தூரத்தில் மில். ஆட்களை ஏற்றி இறக்க பஸ் இருக்கிறது, நல்ல டிரைவர் இல்லை. தங்க அறை தருகிறோம், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து போகலாம், மூன்று வருஷத்துக்கு ஒப்புக்கொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் பதில் சொல்லுங்கள்.

"என்ன சொன்னீங்க?" என்றாள் வீட்டுக்காரி. மிஷினை நிறுத்தவில்லை.

"யோசிச்சுச் சொல்றேன்னேன். போனா இதுவும் சரியாயிடும்" என்று அலமாரியைக் காட்டினார். "வண்டியில பழகினது. வீட்டுக்கு ஒத்துக்கல."

"எது?"

"ஜாடியைத்தான் சொல்றேன்."

"சரி. உங்க இஷ்டம்." நூல் அறுந்தது. அவள் குனிந்து கோக்க ஆரம்பித்தாள். ஊசிக்கண்ணில் நூலை ஒரே தடவையில் கோக்கிறவள், அன்றைக்கு நாலு தடவை கோத்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் கண்டக்டர் வந்தான். வாராந்திர லீவு. வரும்போதே வாசலில் விசில் ஊதிவிட்டுத்தான் வந்தான்.

"அண்ணி, எப்படி இருக்கீங்க? அண்ணன் வீட்டுலயாவது ஸ்டாப்புல நிக்கிறாரா, இல்ல தாண்டித்தான் போய் நிக்கிறாரா?"

"நின்னாத்தானே தம்பி? உள்ள வா."

"எங்கண்ணே நம்ம ஜாடி? நாப்பது நாளாச்சு. வயிறு கேக்குது."

டிரைவர் தயங்கித்தான் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். கண்டக்டர் ஒரு வாய் குடித்தான். கண்ணை மூடினான். திறந்தான். விழுங்கினான் பாவம், மரியாதைக்காக.

"என்னண்ணே இது? பேட்டரித் தண்ணியா?"

"வீட்டுல சரியா வரமாட்டேங்குதுடா. இத்தனைக்கும் ஒரு இம்மி அசையாம வெச்சிருக்கேன்."

"அசையாமயா?"

"ஆமா. வண்டியில வெச்ச மாதிரியே."

கண்டக்டர் அண்ணியைப் பார்த்தான். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் டம்ளரைக் கீழே வைத்தான்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. ரிட்டயர் ஆயிட்டீங்க, இனிமே சொல்லலாம். உங்க வண்டியில அந்த ஜாடி அசையாம இருந்த நாள் ஒண்ணு சொல்லுங்க பாப்போம்."

"என்னடா சொல்ற?"

"ஆஸ்பத்திரி முக்குப் பள்ளத்துல தினமும் நான் ஏன் முன்னாடி ஓடி வருவேன்? உங்க முகத்தைப் பாக்கவா? ஜாடியைப் பிடிக்க! நீங்க பிரேக் போட்டா கடைசி சீட்டுல தூங்கறவன் முதல் சீட்டுல வந்து முழிப்பான். அந்தப் பெட்டிக்கு அடியில துணி மடிச்சு வெச்சது யாருன்னு நினைச்சீங்க? சிந்துற பாலைத் தொடச்சுத் தொடச்சு என் யூனிஃபார்ம் கைக்குட்டையே உறைஞ்சு போச்சு. பதினேழு வருஷம்ணே!"

டிரைவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார்.

"பொய்."

"அண்ணி மேல சத்தியம்."

"என் மேல ஏன் தம்பி? உன் விசில் மேல பண்ணு" என்றாள் அவள்.

"இத்தனை வருஷம் ஏண்டா சொல்லல?"

கண்டக்டர் தலையைச் சொறிந்தான். "நீங்க அவ்வளவு சந்தோஷமா சொல்லிட்டு இருந்தீங்க. எதுக்குக் கெடுக்கணும்? அதும் போக, நல்லாத்தானே வந்துச்சு? அது ஆடி ஆடித்தான் அப்படி வந்துச்சோ என்னமோ. பஸ்ஸுல ஆடினது, இங்க கொண்டுவந்து சாமி சிலையாட்டம் உக்கார வெச்சா? கோவம் வராதா அதுக்கு?"

அப்போதுதான் அவருக்கு அந்தச் சமையல்காரம்மாவின் குரல் கேட்டது. மாத்திரை டப்பாவைக் கையில் வைத்து, படியில் ஒரு கால் இறங்கிய பிறகு திரும்பிச் சொன்னது. 'அப்பப்ப ஆட்டி விடணும் தம்பி, மறந்துடாதீங்க.' மறந்தே போனார். பஸ் மறக்காமல் செய்துவிட்டது.

கண்டக்டர் போன பிறகு அவர் ஜாடியை மறுபடி மேல்தட்டில் ஏற்றினார். அவள் ஒருதரம், "வேணா கையால ஆட்டிப் பாருங்களேன்" என்றாள். "மருந்து பாட்டிலா அது? போ" என்று எரிந்து விழுந்தார். ஒருத்தனுக்குப் பதவி போகலாம், சீட்டு போகலாம். நான் நல்லா ஓட்டினேன் என்கிற நினைப்பும் போனால் என்ன மிச்சம்? "அவன் சொல்றதுல பாதியைக் கழிச்சுக்கணும்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"கழிச்சாலும் பாதி நிக்குதே" என்றாள் அவள்.

அவர் எழுந்துபோய்த் துணிப்பெட்டியை எடுத்தார். இரண்டு சட்டை மடித்து வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை. அவர் முகம் கழுவிக்கொண்டு முன்னறைக்கு வந்தபோது, அலமாரியின் மேல்தட்டு காலி. ஜாடி தையல் மிஷின் பலகையின் இடதுகைப் பக்கம், ஜன்னல் வெயில் படாத மூலையில் உட்கார்ந்திருந்தது. புதுப்பால். சட்டை கழற்றி, துணி மட்டும் கட்டி.

"ஏய், என்ன பண்ற? விழுந்து உடைஞ்சா?"

"கல்யாணமாகி வந்ததுல இருந்து இது மேலதான் காபி டம்ளரை வெச்சுத் தைக்கிறேன். ஒரு சொட்டு சிந்தினது கிடையாது." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "எனக்குத் துணி மடிச்சு வைக்கக் கண்டக்டரும் கிடையாது."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததை மறைக்க இருமினார்.

"இன்னைக்கு ஹோட்டல் திரைச்சீலை. நாப்பது உருப்படி. சாயங்காலம் வரைக்கும் ஓட்டம்தான்" என்று சொல்லிவிட்டு மிதித்தாள்.

அவர் நின்றபடியே பார்த்தார். கால் மேலும் கீழும் போகப் போக, பலகை மெல்ல நடுங்கியது. ஜாடிக்குள் பால் விளிம்பில் ஒரு மெல்லிய வளையம் போட்டது. கலையவில்லை, தளும்பவில்லை. நியூட்ரலில் நிற்கிற வண்டிக்குள் இருப்பது மாதிரி ஒரு நடுக்கம். நீளத் தையல் வந்தால் வேகம் எடுத்தாள். மூலை வந்தால் முன்கூட்டியே காலைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் பிடித்து, ஊசியைத் துணியிலேயே நிறுத்தித் திருப்பினாள். ஜாடிக்கே தெரியாமல் நிறுத்துவது என்றால் அது. அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் அவள் வேலை செய்வதை அவர் உட்கார்ந்து பார்த்ததில்லை.

ஏழாவது திரைச்சீலையில் ஓரத்தில் குமிழி வந்தது.

"ரெண்டாவது ட்ரிப் முடிஞ்சுது" என்றார் தன்னையறியாமல்.

"என்னது?"

"ஒண்ணுமில்ல. நீ தை."

போன் அடித்தது. மில் முதலாளி. அவர் எழுந்து போய்க் கையில் எடுத்தார். அவள் காலை நிறுத்திவிட்டாள். ஜாடியில் வளையம் அடங்கி, பால் கண்ணாடி மாதிரி நின்றது. அவர் அதைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, சாயங்காலம் சொல்றேனே" என்றார். "இங்க ஒரு வண்டி ஓடிக்கிட்டிருக்கு. பாதியில இறங்க முடியாது."

மத்தியானம் மடக்கு மேஜையில் சாப்பிட்டார்கள். அவர் இரண்டு தடவை எழுந்துபோய் ஜாடியைப் பார்த்துவிட்டு வந்ததால், அவளுக்குச் சமமாகத்தான் முடித்தார். அதற்குப் பிறகு துணியின் மறுமுனையைத் தூக்கிப் பிடித்தார். முடிந்த உருப்படியை மடித்தார். வெட்டின நூலைப் பொறுக்கினார். "இப்படியா மடிக்கிறது?" என்று திட்டும் வாங்கினார்.

வெயில் இறங்கும்போது நாற்பதாவது திரைச்சீலை முடிந்தது. அவர் பிளாஸ்டிக் வடிகட்டியைக் கொண்டுவந்தார். இரண்டு டம்ளர், ஒரு சிட்டிகை உப்பு. வடிகட்டியில் மணிகள் ஒட்டாமல் புரண்டு வந்தன. பால் கட்டியில்லாமல், தண்ணீரும் பிரியாமல், ஒரே ஒழுக்காக இறங்கியது.

முதல் டம்ளரை அவளிடம் நீட்டினார். அவள் ஒரு வாய் குடித்தாள். மூக்கைச் சுருக்கினாள். இன்னொரு வாய் குடித்தாள்.

"இதுதானா அது?"

அவரும் குடித்தார். நாக்கில் சுருக்கென்றது. கண்ணை மூடினால் மரத்தடி, சூடு குறைகிற எஞ்சினின் டிக் டிக், கண்டக்டரின் சில்லறைச் சத்தம். எல்லாம் வந்தது. ஒன்று மட்டும் குறைந்தது.

"டீசல் வாடை இல்ல" என்றார்.

"மிஷின் எண்ணெய் வாடை இருக்குமே. நீங்கதான் சொன்னீங்க."

"இருக்கு, இருக்கு" என்று மிச்சத்தையும் குடித்தார். ஏப்பம் வந்தது. விசில் ஊத ஆளில்லை. அவள் சிரித்தாள்.

பிறகு அவர் போனை எடுத்து மில்லுக்குப் பேசினார். வேறு ஆளைப் பாருங்கள் என்று சொன்னார். ஏன் என்று கேட்டிருப்பார்கள் போல. "டூட்டி இருக்கு ஐயா. காலையில ஆரம்பிச்சா சாயங்காலம்தான் முடியுது" என்று வைத்துவிட்டார். உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து அந்த இரண்டு சட்டையையும் எடுத்துக் கொடியில் போட்டார். கொஞ்சம் பாலோடு மணிகளை ஃப்ரிட்ஜில் தூங்கப் போட்டார்.

மறுநாள் காலையில் ஆறின பாலை ஊற்றி, ஜாடியைக் கொண்டுவந்து பலகையின் மூலையில் அவரே வைத்தார். அவள் துணியை ஊசிக்கு அடியில் கொடுத்து, காலை மிதியில் வைத்துக்கொண்டு, மிதிக்காமல் இருந்தாள்.

"என்ன?"

"விசில் குடுக்காம வண்டியை எப்படி எடுக்கறது?"

டிரைவர் சீட்டிலேயே ஆயுசைக் கழித்தவர். வாழ்க்கையில் ஒருதரம்கூட கண்டக்டர் சொல்கிற அந்த வார்த்தையை அவர் சொன்னதில்லை, பின்னால் இருந்து கேட்டதோடு சரி. தொண்டையைச் செருமிக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே யாராவது போகிறார்களா என்று பார்த்துக்கொண்டார். அப்புறம் மிஷின் பலகையை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி, சத்தமாகவே சொன்னார்.

"போலாம், ரைட்!"